மேனேஜர் ரூம் மேஜை

மேஜையின் அகலம் நான்கடிக்குக் குறையக் கூடாது. பின்னால் கட்டிலோ துணிக்கொடியோ தெரியக் கூடாது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குக் கவிப்பிரியாவின் ஆபீஸ் விதித்த நிபந்தனைகள் இவை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. ஐந்து வருடமாகக் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காலை வண்டியைப் பிடித்து, நின்றபடியே சென்னைக்குப் போய், நின்றபடியே திரும்பிக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த அன்றே பின்னறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அரிசி மூட்டைகள் சமையலறைக்குப் போயின. அம்மா ரத்னாவின் தையல் மிஷின் கூடத்துக்கு வந்தது.

"எம் மிஷின தூக்கி வாசல்ல போட்டுட்டு கலெக்டருக்கு ரூம் ரெடி பண்றீங்களா?" என்றாள் ரத்னா. ஆனால் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

மகளைவிட அப்பா இராமலிங்கத்துக்குத்தான் மேஜை வாங்குவதில் உற்சாகம். இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். எந்தப் பொருளையும் முதலில் குனிந்து அடியில் பார்ப்பார். கும்மிடிப்பூண்டி பஜாரில் நுழைந்த முதல் கடையிலேயே அதைச் செய்தார். பளபளவென்று இருந்த மேஜையின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, விரலை மகளிடம் நீட்டினார்.

"பாரு. இது மரமே இல்ல கண்ணு. மரத்தூள பசை போட்டு அழுத்திக்கீறான். ஒரு கிளாஸ் டீ கொட்டிச்சுன்னா பொறை மாதிரி ஊறிக்கும்."

"இப்ப எல்லாரும் இதான் நைனா வாங்கறாங்க."

"அஞ்சு வருஷம் வாரண்டி குடுக்கறோம் பெரியவரே" என்றான் கடைக்காரன்.

"அஞ்சு வருஷம் கழிச்சி இத்த இன்னா பண்றது? அடுப்புல வெச்சாக்கூட ஒழுங்கா எரியாதே."

கவிப்பிரியாவுக்கும் அது பிடிக்கவில்லை. கூட வேலை செய்யும் ஷைனி ஏற்கெனவே வீட்டுக்கு மாறிவிட்டாள். வீடியோ மீட்டிங்கில் அவளுக்குப் பின்னால் கறுத்த பழைய மர அலமாரி ஒன்று தெரியும். அந்த அலமாரியால் ஷைனி சொல்வது எல்லாமே சரி என்பது போல ஆகிவிடுகிறது என்று கவிப்பிரியா வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தனக்கும் பழைய மேஜை ஒன்று வேண்டும், கையை வைத்தால் கனம் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போனார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் காலமான ஒரு வக்கீலின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மேஜை அருமையான தேக்கு. ஆனால் உயரம் ஒரு சாண் அதிகம். அந்த வக்கீல் ஆறடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். கவிப்பிரியா உட்கார்ந்து கையை வைத்ததும் தோள் இரண்டும் காதுவரை ஏறின.

"கால அறுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"அறுத்தா அது மேஜை இல்ல. நொண்டி" என்றார் இராமலிங்கம்.

வெயில் தாளவில்லை. புரட்டாசியிலும் சித்திரை போலக் காய்ந்தது. கரும்புச் சாறு குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவரால் வர முடியாது என்பதால் கவிப்பிரியா லீவு போட்டு, அடுத்த கடையைப் புதன்கிழமைக்கு வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் அவருக்கு கேட் டூட்டி.

கேட் என்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக் கிடக்கும் வால்வு கம்பெனியின் கேட். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்கள் அங்கே பூட்டைத்தான் பார்த்தார்கள். எழுபத்தைந்து பேர். கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி கம்பெனி நீட்டிய காகிதத்தில் அறுபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினாலு பேர் போடவில்லை. போட வேண்டாம் என்று அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் இராமலிங்கம். உள்ளே மிஷின் எல்லாம் அப்படியே இருக்கிறது, மிஷின் இருக்கிறவரை ஒருநாள் இவன் கேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும், இல்லை அதை விற்றாவது நமக்குச் சேர வேண்டியதை கோர்ட்டு வாங்கித் தரும் என்றார். வழக்கு முடிகிறவரை உள்ளேயிருந்து ஒரு சாமான்கூட வெளியே போகக் கூடாது என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கேட்டுக்கு எதிரில் ஓலைக்கொட்டகை போட்டு, பகலுக்கு இரண்டு பேர், இரவுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். உள்ளே கம்பெனி வைத்த செக்யூரிட்டி, வெளியே இவர்கள். பதினாலு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய முறைக்கு மனைவி சின்னப்பொண்ணு வந்து, கனகாம்பரம் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழிதான் இருந்தது. அது ஆயுத பூஜை. கம்பெனி ஓடிய காலத்தில் அன்றைக்கு ஒவ்வொரு மிஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மேனேஜர் ரூம் மேஜைவரை பொட்டு வைத்து முடிப்பார்கள். மூடிய பிறகும் அதை மட்டும் நிறுத்தக் கூடாது என்று கேட்டு வாங்கினார்கள். முதல் இரண்டு வருடம் பத்துப் பேர் உள்ளே போய் வந்தார்கள். கொரோனா வந்த வருடம் ஒருத்தர்தான் போகலாம் என்றான் செக்யூரிட்டி. துளசிராமன் போனார். அவர் கை பட்டால் நின்ற மிஷினும் ஓடும் என்று பேர். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் துளசிராமன் சந்தனக் கிண்ணத்தோடு சின்ன கேட்டுக்குள் நுழைவார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "எல்லாம் கீதுபா, அத்தினிக்கும் பொட்டு வெச்சிட்டேன்" என்பார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றுவிட்டு, அடுத்த வருடம்வரை நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

புதன்கிழமை போன கடை கவரைப்பேட்டையிலேயே, ஹைவேயை ஒட்டி இருந்தது. வரதன் என்பவன் நடத்தும் பழைய சாமான் யார்டு. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், தூண், மூடிய பள்ளிக்கூடத்தின் பெஞ்சு, கல்யாண மண்டபத்துச் சிம்மாசனம் என்று எல்லாம் தகரக் கொட்டகைக்கு அடியில் கிடந்தன. லாரி போகும்போதெல்லாம் தகரம் அதிர்ந்தது.

"இன்னாமா வோணும், ஊட்டுக்கா, சினிமா செட்டுக்கா?" என்றான் வரதன்.

"எழுதற டேபிள். பழசா, ஆனா ஆடாம இருக்கணும்."

"ஆடாம இருக்கறது நம்ம ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான்மா கீது. வா."

தார்ப்பாயை இழுத்தான். தூசி அடங்கியதும் கவிப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள். ஐந்தடி அகலம். இரண்டு பக்கமும் மும்மூன்று டிராயர், பித்தளைக் கைப்பிடி. மேலே பச்சை ரெக்ஸின், ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஒரு பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முழங்கை சரியாகப் படிந்தது. மேல் டிராயரை இழுத்தாள். சத்தமில்லாமல் வந்தது.

"பர்மா தேக்கு. ஆன்டிக் பீஸு. மெட்ராஸ்ல இதுக்கு கண்ணாடி ரூம் போட்டு ஏசி வெச்சி விப்பான்" என்றான் வரதன். "நான் வெயில்ல வெச்சி விக்கறேன். அதான் வித்தியாசம்."

"நைனா, இதான். இதான் நைனா!"

இராமலிங்கம் வழக்கம்போலக் குனிந்தார். வலது பக்கத்து டிராயருக்கு அடியில் கையை விட்டார். கை நின்றது. ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, எம்சீல் வைத்து அடைத்த இன்னொரு ஓட்டை.

அது அவர் போட்ட ஓட்டை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், காலிங் பெல் சுவிட்சு வைக்க மேனேஜர் ரூமுக்கு அனுப்பினார்கள். முதல் ஓட்டையை டிராயர் உரசும் இடத்தில் போட்டுவிட்டார். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். அடைத்துவிட்டுத் தள்ளி இன்னொன்று போட்டார். பாரிமுனையில் வெள்ளைக்காரன் கம்பெனி ஏலத்தில் முதலாளியின் அப்பா எடுத்த மேஜை என்று சொல்லி, அதன் பிறகு பத்து வருடம் அவரை அதன் பக்கமே விடவில்லை.

எழுந்து முன்பக்கம் வந்தார். பித்தளைக் கைப்பிடிக்கு அடியில், துணி போகாத இடுக்கில், காய்ந்த சந்தனம் பொருக்காக இருந்தது. நடுவில் கறுத்துப்போன சிவப்பு.

"இது எங்கேர்ந்து வந்துது வரதா?"

"சிப்காட்ல இருந்து சார். ரெண்டு வருஷம் ஆவுது. டேபிளு, பீரோ, சேரு எல்லாம் ஒரே லோடு. இத்த மட்டும் விக்காம வெச்சிக்கினு இருந்தேன், ராசியான பீஸுன்னு."

"எந்த கம்பெனி?"

"பேரு ஆருக்குத் தெரியும்? ஒரு குடோன்லேர்ந்து ஏத்தினோம். அதுக்கு முன்பக்க கம்பெனி மூடிக் கெடக்குது. நடுவுல சொவர இடிச்சி லாரி போற அகலத்துக்கு வழி போட்டுக்கீறாங்க. மிஞ்சின மிஷினுங்கள வேற பார்ட்டி எட்த்தான். லேத்து, டிரில்லிங்கு எல்லாம் கேஸ் வெச்சி அறுத்து, நேரா ஃபர்னஸுக்குப் பூட்ச்சி. ஒரு வாரம் நடந்துது வேல." வரதன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "இன்னா சார், உடம்புக்கு இன்னா? தண்ணி குடிக்கிறியா?"

"வோணாம்."

"நான் டப்பு குடுத்து, ரசீது வாங்கிக்கினு எட்த்தேன் சார். திருட்டு கிருட்டு இல்ல."

"உன்ன சொல்லலப்பா."

பைக்கில் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடியாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து கவிப்பிரியா கேட்டாள்.

"புடிக்கலியா நைனா? பெரிசா இருக்குதா?"

"அது எங்க கம்பெனி மேஜை."

அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள். அவர் ஓட்டையைச் சொன்னார், சந்தனத்தைச் சொன்னார். சரக்கு வண்டி சத்தத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"துளசி மாமா வருஷா வருஷம் உள்ள போறாரே. அவருக்குத் தெரியாதா?"

"போன வருஷம் கூடப் போனான். எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டுத்தான் வந்தான்."

"ரெண்டு வருஷத்துக்கு மின்னாடியே கடைக்கு வந்துட்ட டேபிளுக்குப் போன வருஷம் எப்படி நைனா பொட்டு வெக்க முடியும்?"

"வரதன் தப்பா சொல்றான். அவனுக்கு நாளு கெழமை ஞாபகம் கீதா இன்னா?"

"ரசீது இருக்குதுன்னானே."

"ரசீதுல இன்னா வோணா எழுதலாம்" என்றார். கேட் திறந்து பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவருக்கு வண்டியை ஸ்டார்ட் செய்ய மூன்று தடவை உதைக்க வேண்டியிருந்தது.

ரத்னா காராமணிக் குழம்பு வைத்திருந்தாள். சோற்றில் கை வைத்தவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"துளசியண்ணன் அப்டிப்பட்ட ஆளா?" என்றாள் ரத்னா. "எனக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்த மனுசன்."

"அதான்டி நானும் சொல்றேன்."

"நீ சொல்லல. நீ சோத்த பெசஞ்சிக்கினு கீற."

"நீ கேக்கலன்னா நான் போய்க் கேக்கறேன் நைனா" என்றாள் கவிப்பிரியா. மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் யார்டில் நின்று, வரதனிடம் முன்பணம் கொடுத்து, அந்த மேஜையை யாருக்கும் காட்டவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கேட்டில் இராமலிங்கத்தோடு முறை துளசிராமனுக்கு. ஏழு வருடமாக அப்படித்தான். துளசிராமன் தூக்குப் பாத்திரத்தில் நாஷ்டா கொண்டுவருவார். இராமலிங்கம் டீ வாங்குவார். அன்று இட்லியும் வடகறியும். வழக்கம்போல இரண்டு பேருக்கும் சேர்த்தே கட்டியிருந்தது. பக்கத்து உருக்காலையின் புகை தாழ்ந்து வந்து கொட்டகை ஓலையில் கரியாகப் படிந்துகொண்டிருந்தது.

"பொண்ணுக்கு டேபிள் வாங்கிட்டியா?" என்று துளசிராமனே ஆரம்பித்தார்.

"எங்க? ஒண்ணும் அமையல. நம்ம மேனேஜர் ரூம்ல ஒண்ணு இருக்குமே, அந்த மாதிரி கேக்குது."

"பச்ச ரெக்ஸினு போட்டது."

"அதான். இன்னும் நல்லாகீதா அது?"

துளசிராமன் இட்லியை வடகறியில் தோய்த்தார். "அதுக்கு இன்னா கேடு? தேக்காச்சே. தூசிதான் ஒரு இஞ்சுக்கு நிக்குது. போன வருஷம் துண்டால தொடச்சேன் பாரு, துண்டே கருப்பாயிட்ச்சி. ஒரு பக்கத்து டிராயர்ல எலி குட்டி போட்டுக்கீது. எட்த்து வெளிய உட்டுட்டு, அப்பறமாத்தான் பொட்டு வெச்சேன்."

"எலியா?"

"அஞ்சு குட்டி. கண்ணுகூடத் தொறக்கல."

இராமலிங்கம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். வரதனின் ரசீதைத் தூக்கிப் போட்டிருப்பார். அந்த ஐந்து எலிக்குட்டிகளைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்ற மனிதன், கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறான். யாருக்காக இவ்வளவு சிரத்தை?

"லேத்துங்க?"

"பத்தொம்போதும் கீது. ஏன்பா, இன்னிக்கு இன்னா விசாரணை?"

"சும்மாதான். பூஜை வருதே." டீயைக் குடித்தார். ஆறிப் போயிருந்தது. "குணா எப்டி கீறான்?"

"அவனுக்கு இன்னா, ராஜா. ஆந்திரா பக்கம் கம்பெனி பஸ்லயே போறான் வர்றான். இப்ப சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க."

குணாவுக்கு அந்த வேலை கிடைத்தபோது இராமலிங்கம்தான் கேட்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கம்பெனி பேரை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டார். துளசிராமன் சொன்னார், சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அது வால்வு கம்பெனி முதலாளியின் மச்சான் நடத்துவது.

தூக்குப் பாத்திரத்தில் இராமலிங்கத்தின் பங்கு மூன்று இட்லி அப்படியே இருந்தது. "ஏன்பா துன்னல?" என்றார் திரும்பி வந்த துளசிராமன். வயிறு சரியில்லை என்றார் இராமலிங்கம். மாலைவரை இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு மழை வந்து போனது. கொட்டகை ஒழுகிய இடத்தில் துளசிராமன் வாளி வைத்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்த முதல் கடையின் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. வரதனிடம் இருக்கும் மேஜை சாட்சியாக அங்கேயே இருக்கட்டும் என்று கவிப்பிரியா பளபளப்பு மேஜையையே வாங்கிவிட்டாள். இரண்டு ஆட்கள் அரை மணி நேரத்தில் திருகிப் பூட்டிவிட்டுப் போனார்கள். இராமலிங்கம் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

"ஏதாவது சொல்லு நைனா."

"நல்லாகீது."

"நாளைக்கு நானும் கேட்டுக்கு வர்றேன்."

"வோணாம்மா. இத்த நான் பாத்துக்கறேன்."

பூஜையன்று காலை பதின்மூன்று ஆண்களும் சின்னப்பொண்ணுவும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வைத்து, பொரியைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டியிருந்தார்கள். சின்னப்பொண்ணு கட்டிய கனகாம்பரச் சரம் கேட்டின் இரண்டு கம்பிக்கும் நடுவே தொங்கியது. பச்சையப்பன் சந்தனம் கரைத்தார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மோந்து பார்த்தே பதம் சொல்வார்.

"துளசி, இந்த தபா என் டிரில்லிங்குக்கு நல்லா பூசு. அது கொஞ்சம் கோவக்காரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

செக்யூரிட்டி சின்ன கேட்டைத் திறந்தான். துளசிராமன் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். இராமலிங்கம் அதை எடுத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் நான் போறேன்."

"நீயா? ஒரே தூசிப்பா உள்ள. உனக்கு ஆவாது, இருமுவ."

"இருமினா இருமிக்கறேன்."

"போட்டும் உடு துளசி" என்றார் பச்சையப்பன். "அவனும் பாக்கட்டும். ஒரே கையா பூசினா மிஷினுக்கும் சலிச்சிப் பூடும்."

துளசிராமன் நெருங்கி வந்தார். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"உள்ள போவாத லிங்கம்."

"ஏன்?"

"சொல்றத கேளு."

"எலிக்குட்டி பெரிசாயிருக்கும், பாத்துட்டு வர்றேன்."

துளசிராமனின் கண் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு தணிந்த குரலில் பேசினார். "மொத வருஷம் நான் போனப்பவே பாதி இல்லப்பா. என் பிள்ளை மேல சத்தியம். சொல்லணும்னுதான் வெளிய வந்தேன். சின்னப்பொண்ணு ஓடியாந்து எல்லாம் கீதாணான்னு கேட்டுச்சி. கீதுன்னு வாயில வந்துட்ச்சி."

"அடுத்த வருஷம்?"

துளசிராமன் கிண்ணத்துச் சந்தனத்தைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம்தான் குணாவுக்கு வேல வந்துச்சி. இல்ல?"

துளசிராமன் நகர்ந்து வழி விட்டார். செக்யூரிட்டியும் அவரும் பார்த்துக்கொண்டதை இராமலிங்கம் கவனித்தார். பின்னால் பூட்டு விழுந்தது.

பெரிய ஷெட்டின் கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டவில்லை. தள்ளியதும் புறாக்கள் எழுந்து கூரையை ஒரு சுற்றுச் சுற்றின. உள்ளே எதுவும் இல்லை. லேத்துகள் நின்ற இடங்களில் தரை மட்டும் வேறு நிறத்தில், சதுரம் சதுரமாக இருந்தது. கான்கிரீட்டோடு அறுத்த போல்ட்டு முனைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன. தன்னுடைய இடம் வலது வரிசையில் நாலாவது. அங்கே போய் நின்று பார்த்தார். கூரைத் தகடு போன இடத்தில் மழைநீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. கோடியில் பின்சுவர் இல்லை. அந்த இடைவெளியில் குடோனும், அதற்கப்பால் அடுத்த சாலையும், அதில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டோக்களும் தெரிந்தன.

கதவுக்குப் பக்கத்துத் தூணைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தார். மார்பு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, சந்தனம் கனமாக அப்பியிருந்தது. வருடத்துக்கு ஒரு படை. அடியில் இருந்தது வெடித்துப் பொருக்காகி, மேலே இருந்தது இன்னும் மஞ்சளாக இருந்தது. கிண்ணம் காலியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பதற்காகத் துளசிராமன் எல்லாவற்றையும் இந்த ஒரு தூணிலேயே வழித்துப் பூசியிருக்கிறார். குங்குமம்கூட ஒரே ஒரு இடத்தில், ஒழுங்காக, வட்டமாக வைத்திருந்தது.

இராமலிங்கம் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். கொட்டகையில் எல்லோரும் எழுந்திருந்தார்கள். கற்பூரம் எடுத்துவைத்த தட்டோடு சின்னப்பொண்ணு முன்னால் நின்றாள்.

"இன்னாணா அதுக்குள்ள? எல்லாம் கீதா?"

பதின்மூன்று முகங்கள். துளசிராமன் தூரத்தில், பூவரச மரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீது" என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று இராமலிங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை விழுங்கினார்.

"ஒண்ணும் இல்லம்மா. ஷெட்டு காலி. ஒரு போல்ட்டு நட்டுகூட இல்ல."

பச்சையப்பன் சிரித்தார். "காலங்காத்தால வெளாடாதப்பா." கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினார். அது கனத்தது. விரலை விட்டுப் பார்த்தார், விளிம்புவரை சந்தனம். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

இராமலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். மேஜை, வரதன், குடோன் வழி, தூண், குணாவின் வேலை. இரண்டு பேர் பூவரச மரத்தை நோக்கி ஓடினார்கள். சட்டையைப் பிடித்தார்கள். துளசிராமன் தடுக்கவில்லை. யாரோ பொரித் தாம்பாளத்தை எட்டி உதைத்தார்கள். "நாலு வருஷமா இன்னாத்துக்குடா கற்பூரம் ஏத்தினோம்? செவுத்துக்கா?" என்று ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். செக்யூரிட்டி உள்ளிருந்து போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சின்னப்பொண்ணு அந்தப் பக்கம் போகவில்லை. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இராமலிங்கத்துக்கு எதிரில் வந்து நின்றாள்.

"துளசியண்ணன அப்பால பாத்துக்கலாம். அந்தாளு பொய் சொன்னாரு, சரி. உன்ன ஒண்ணு கேக்கறேன்."

"கேளும்மா."

"அன்னிக்கு ஆபீஸர் காயிதம் நீட்டனப்ப எங்கூட்டுக்காரு பேனாவ வாங்கிட்டாரு. மூடியக்கூட கயட்டிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். நீதானே வந்து பேனாவ வாங்கின?"

"ஆமா."

"மிஷினு எங்கயும் போவாது, நாம பாத்துக்கினு இருப்போம்னு சொன்ன. பாத்துக்கினு இருந்தோம். அவரு செத்தப்பறம் நானும் பாத்துக்கினு இருந்தேன். உள்ள போயி பாக்கணும்னு இந்த நாலு வருஷத்துல உனக்கு ஒரு தபா தோணலியாணா? பொண்ணுக்கு டேபிளு வாங்கணும்னுதான் கண்ணு தெரிஞ்சிச்சா?"

துளசியை நம்பினேன் என்று சொல்லலாம். அவளும் அதையேதான் சொல்ல முடியும், வேறு ஒரு பேரை வைத்து.

பூவரச மரத்தடியில் யாரோ அழுதார்கள். துளசிராமனா, அடித்தவர்களில் ஒருவரா என்று தெரியவில்லை. சின்னப்பொண்ணு திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு என் டர்னு" என்றாள். "வரணுமா, வோணாமா? அத்த மட்டும் சொல்லிடு."

அவர் சொல்வதற்காக அவள் நின்றாள். கொட்டகையைச் சுற்றி மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.